சுங்குவார்சத்திரத்தில் முப்பத்தொரு பெயர்கள்

சுங்குவார்சத்திரத்துக்கு யாரும் ஊர் பார்க்கப் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. 2011-இல் இரண்டு முறை போனேன். முதல் முறை, வெளியூர்களிலிருந்து வந்து அங்கே தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் முப்பத்தொரு பெண்களை அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதற்கு. இரண்டாவது முறை, அப்படிச் சேர்த்ததில் இசக்கியம்மாள் என்ற பெண்ணுக்கு நான் செய்த கெடுதலை அவளிடமே சொல்வதற்கு. முதல் பயணத்தைப் பற்றி எங்கள் குழுவின் இதழில் அப்போதே எழுதிவிட்டேன். படங்களோடு வந்தது. பாராட்டி நாலைந்து கடிதங்கள்கூட வந்தன. இரண்டாவதைப் பற்றி இதுவரை எழுதவில்லை. அதை எழுதாமல் விட்டதால் முதலில் எழுதியதும் பொய்யாகிப்போனது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. கோயம்புத்தூரில் அரசியல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு வீட்டில் உட்கார முடியாமல் அலைந்துகொண்டிருந்தேன். உள்ளாட்சியில் எல்லோரும் பங்கெடுக்க வேண்டும் என்று பேசுகிற சின்னக் குழு ஒன்றில் இருந்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வாடகை அறைகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லை, ஓட்டு இல்லாததால் அவர்கள் தெருவில் தேங்கும் சாக்கடையைப் பற்றி எந்தப் பஞ்சாயத்தும் கவலைப்படுவதில்லை என்று ஒருநாள் பேச்சு வந்தது. உள்ளாட்சித் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. யார் போவது என்ற கேள்வி முடியும் முன் கை தூக்கினேன். எங்கள் குழுவில் முதலில் தூக்கப்படும் கை எப்போதும் என்னுடையதுதான். கேள்வி என்னவென்று பிறகுதான் கேட்பேன்.

முதல் நாள்.

கத்திரி முடிந்த பிறகும் வெயில் இறங்கவில்லை. நெடுஞ்சாலையோரம் பேருந்திலிருந்து இறங்கியதும் ஒரு கண்டெய்னர் லாரி என் தலை முழுக்கப் புழுதியைப் போட்டுவிட்டுப் போனது. எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி நான் இதற்குமுன் பெருமைப்பட்டதில்லை. அங்கே நின்ற ஐந்து நிமிடத்தில் பெருமைப்பட்டேன். டீக்கடை, செல்போன் ரீசார்ஜ் கடை, மறுபடி டீக்கடை. மின்கம்பங்களில் எல்லாம் ஒரே அட்டை: ‘ரூம் வாடகைக்கு. கம்பெனி லேடீஸ் மட்டும்.’

டீக்கடை பெஞ்சில் வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். வாய் சும்மா இருக்குமா? உங்களுக்கு இங்கே ஓட்டு இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவன் பதில் சொல்லப்போனான். மற்றவன் அவன் முழங்காலில் தட்டி, எனக்குக் கேட்காது என்று நினைத்து இந்தியில் சொன்னான்: “பேர் கேட்டு வர்றவங்ககிட்டப் பேர் குடுக்காதடா. நம்ம பேரு ஊர்ல பத்திரமா இருக்கு.” விழிப்புணர்வு இல்லாத பிள்ளைகள் என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

தோழி ஒருத்தி மூலம் கிடைத்த தொடர்பு இசக்கி. நைட் ஷிப்ட் முடித்துத் தலைக்குக் குளித்து, ஈரம் சொட்ட, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு பேருந்து நிறுத்தத்துக்கே வந்துவிட்டாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர். மூன்று வருடமாக இங்கே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறாள்.

“யக்கா, பைய இங்கக் குடுங்க. நீங்க தூக்குத தூக்குல பை ரோட்டக் கூட்டிட்டு வருது” என்று வாங்கிக்கொண்டாள்.

ராணியம்மா என்பவரின் வீட்டு மாடியில் மூன்று அறைகள். அறைக்குப் பத்துப் பெண்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தருமபுரி என்று பாதித் தமிழ்நாடு அந்த மாடியில் கொடியில் துணி காயப்போட்டிருந்தது. பகல் ஷிப்ட் எழுந்த பாயில் நைட் ஷிப்ட் வந்து படுக்கும். பாயின் சூடு ஆறுவதே இல்லை. தண்ணீர் உப்பு. சோறு மஞ்சளாக வெந்தது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நான் முதல் வாயை விழுங்கச் சிரமப்பட்டதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

“ரெண்டு நாளுல நாக்கு செத்துரும், அப்புறம் நல்லாருக்கும்” என்றாள் இசக்கி. பருப்புத் துவையலும் ரசமும் வைத்திருந்தாள். கருவாடு வாங்கலாம், ஆனால் பொரித்தால் வாசம் பிடித்துக்கொண்டு ராணியம்மா படியேறி வந்துவிடுவாராம்.

அன்று மாலை ஷிப்ட் இல்லாத பெண்களை உட்காரவைத்துப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று அப்போது நினைத்தேன். வாழும் இடத்தில் குரல் வேண்டும், வாக்கு என்பது வெறும் மை அல்ல என்றெல்லாம். இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். புதுக்கோட்டைப் பெண் சுடர்மதி மட்டும் கை தூக்கினாள்.

“அக்கா, இந்த ஊரு அட்ரஸ் போட்டு கார்டு வந்தா கேஸ் கனெக்‌ஷன் கிடைக்குமா?”

கிடைக்கும் என்றேன். சட்டென்று எல்லோரும் நிமிர்ந்தார்கள். சின்ன சிலிண்டரில் கிலோக் கணக்கில் எரிவாயு வாங்கிக் கட்டுப்படியாகாமல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் புகைந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். தூங்கியவர்களை எழுப்பிவிட்டுப் போட்டோ தேடினார்கள். எங்கள் இதழில் நான் எழுதியது: ‘அரசியல் உணர்வு பற்றிக்கொண்டது.’ பற்றிக்கொண்டது கேஸ் அடுப்பு.

பாத்திரம் கழுவும்போது இசக்கி மெதுவாகக் கேட்டாள்.

“யக்கா, இங்க எழுதிக் குடுத்தா ஊர்ல பேரு போயிராதுல்லா?”

“ஏன், ஊரில் ஓட்டுப் போடப் போகிறாயா?”

“ஓட்டுப் போடவா? நான் நிக்கப் போறேன்லா.”

எங்கள் குழு ஆண்டுக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த ஆள் என் எதிரே சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரில் அவள் தெரு இருக்கும் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆற்றுத் தண்ணீர் ஊரைச் சுற்றி ஓடியும் அவள் தெருவுக்குக் குழாய் வரவில்லை. தெரு முனையில் குழாயைத் திருப்பிவிட்டார்கள். வார்டு உறுப்பினர் என்று ஒரு அம்மாள் இருக்கிறார். பழைய பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுத் தோட்டத்தில் களை எடுப்பவர். நோட்டைக் கொண்டுவந்து நீட்டினால் கையெழுத்துப் போடுவார். இசக்கியின் அப்பாவும் அதே தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறார்.

“லைன்ல பாத்ரூம் போக டோக்கன் வச்சானுவோ. நாங்க பன்னெண்டு பேரு போயிப் பேசி எடுக்க வச்சோம். சூப்பர்வைசர்கிட்டயே பேசியாச்சு, தலைவர்கிட்டப் பேச மாட்டமா? செப்டம்பர்ல ரிசைன் பண்ணிட்டுப் போயிருவேன்” என்றாள். மறுபடியும் கேட்டாள்: “பேரு போயிராதுல்லா?”

“போகாது” என்றேன்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத் தெரியாத வயது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவளும் கிட்டத்தட்ட அதே வயதுதான். அவள் கேட்டாள்.

இரண்டாம் நாள்.

வீட்டு உரிமையாளர் கடிதம் வேண்டும். ராணியம்மா தரமாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு முகவரிச் சான்று கொடுத்தால் வீட்டையே எழுதிக் கேட்பார்கள் என்று பயமாம். நான் காலையிலேயே கீழே இறங்கிப் போனேன். ராணியம்மா கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் கொடுத்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, எம் வூட்டுல கீறதுங்களுக்கு ஓட்டு வாங்கித் தரேன்னு வந்துகிறியாமே. இதுங்க இன்னிக்குக் கீதுங்க, நாளைக்குப் பூடுங்க. நானு கையெழுத்துப் போட்டுட்டு கோர்ட்டுக்கு நடக்கவா?”

அவர் கொழுந்தனார் அந்த வார்டில் நிற்கப்போவது பேச்சுவாக்கில் வெளியே வந்தது. மூன்று அறையும் பக்கத்து வீட்டு ஒரு பெண்ணும் சேர்த்து முப்பத்தொரு ஓட்டு என்றேன். அந்த வார்டில் சென்ற முறை எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று மட்டும் கேட்டேன். ராணியம்மா கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

“அப்படி வர்றியா நீ. கோயமுத்தூருன்னா சும்மாவா. குடு, எங்க போடணும்?”

முப்பத்தொரு கையெழுத்துப் போட்டார். படியேறும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றைக்கே விண்ணப்பங்களில் பெண்களிடம் கையெழுத்து வாங்கினேன். அடையாளத்துக்கென்று ஊர் வாக்காளர் அட்டையின் நகலையும் கொடுத்தார்கள். ‘முன்பு வசித்த முகவரி, பழைய அட்டை எண்’ என்ற கட்டம் வந்ததும் இசக்கி எல்லோருக்கும் சொன்னாள்: “அத விட்டுருங்கட்டி. அக்கா போகாதுன்னு சொல்லிட்டாவ, இருந்தாலும் நாம எதுக்கு எழுதிக் குடுக்கணும்?”

முப்பத்தொரு பேரும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். நான் கோவைக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: ‘31!’ உடனே பதில் வந்தது, கைதட்டும் சொற்களோடு.

மூன்றாம் நாள்.

காலையில் ஸ்ரீபெரும்புதூர் தாலுகா அலுவலகத்துக்குக் கிளம்பினேன். நிறுத்தத்தில் பெண்கள் கூட்டம். வெள்ளைப் பேருந்து ஒன்று வந்து நின்றது. கூட்டம் ஏறியது, கூட்டத்தோடு நானும் ஏறினேன், அல்லது ஏற்றப்பட்டேன். உட்கார இடம் கிடைத்த ஆச்சரியத்தில் டிக்கெட் கேட்க யாரும் வராததைக் கவனிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கண்ணெதிரே கடந்து போனபோது எழுந்து கத்தினேன்.

ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இது பஸ் இல்ல மேடம், கம்பெனி. ஏறிட்டா ஷிப்ட் முடிஞ்சாத்தான் எறங்கணும்.”

பேருந்தே சிரித்தது. ஒரகடத்தில் ஏதோ ஒரு கார் பாகத் தொழிற்சாலையின் வாசலில் என்னை இறக்கினார்கள். காவலர் அறையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, பையைத் துழாவி, முப்பத்தொரு பெண்களின் புகைப்படங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். “ஆள் எடுக்கிற ஏஜென்டா நீ?” ஓட்டுக்காக என்று சொன்னதும் இன்னும் சந்தேகப்பட்டார்கள். வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏழு பேரோடு எட்டாவதாகத் தொற்றி, ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேரும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

இந்த வேடிக்கையை எங்கள் இதழில் விரிவாக எழுதினேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை.

விண்ணப்பக் கட்டைப் புரட்டிய எழுத்தர் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இன்னாம்மா இது, முப்பது பொண்ணும் வானத்துலேர்ந்து குதிச்சுதுங்களா? பழைய ஊரு எங்க? நம்பர் எங்க? காலியா கீது? நாலு மணிக்குள்ள எழுதிக் குடு. இல்லன்னா அடுத்த வாரம் வா.”

“எழுதினால் அங்கே பெயரை எடுத்துவிடுவார்களா, மேடம்?”

“எடுக்காம? ரெண்டு எடத்துல வெச்சிகினு இன்னா பண்ணுவாங்க? இங்கேர்ந்து லெட்டர் போவும், அங்க அடிச்சிருவாங்க.”

“எப்போது போகும்?”

“போவும்போது போவும்.”

அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அட்டை நகல்கள் என்னிடம் இருந்தன. அடுத்த நாள் எனக்கு ரயில். இசக்கிக்கு போன் செய்தேன். அன்றிலிருந்து அவளுக்குப் பகல் ஷிப்ட், போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எழுத ஆரம்பித்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். முத்து முத்தாக, கட்டத்தைத் தாண்டாமல், ஊர், தாலுகா, அட்டை எண்.

இசக்கியின் தாள் வந்தபோது பேனா நின்றது. இதை நான் மறந்துவிட்டதாகப் பின்னாட்களில் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. நின்றது. அந்த ஒரு தாளை உருவிப் பையில் வைத்திருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் முப்பத்தொன்று என்று சொல்லியாகிவிட்டது. மேலும், மற்ற எல்லோரையும் அழைத்துவந்தவளின் விண்ணப்பமே இல்லாமல் என்ன கதை எழுதுவது? ‘போவும்போது போவும்’ என்பதைப் பிடித்துக்கொண்டேன். நம் அரசாங்கம் எதைத்தான் சீக்கிரம் செய்திருக்கிறது, தேர்தல் முடிந்துதான் அந்தக் கடிதம் தென்கோடிக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டு, எழுதினேன்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொடுத்தேன்.

நான்காம் நாள்.

இசக்கி எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்தாள். “குடுத்தாச்சாக்கா?” என்று கேட்டாள். குடுத்தாச்சு என்றேன். “சிக்கல் ஒண்ணும் இல்லையே?” இல்லை என்றேன். இரண்டு பதில்களில் ஒன்று உண்மை.

செப்டம்பர் கடைசியில், வேட்புமனு வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், அவளிடமிருந்து போன் வந்தது. கோவையில் எங்கள் குழுக் கூட்டத்தில் இருந்தேன்.

“யக்கா, ஆபீஸ்ல ஒம் பேரே லிஸ்ட்ல இல்ல, நீ இந்த ஊருக்காரியே இல்லங்கானுவோ” என்றாள். பின்னால் பலர் பேசும் சத்தம். “போன எலெக்‌ஷனுக்கு இருந்திச்சு. இப்ப அடிச்சிருக்கு. என்ன செய்யக்கா?”

பார்க்கிறேன், விசாரிக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். விசாரித்தேன், அடித்துவிட்ட பெயரை மனுத்தாக்கலுக்குள் திரும்பச் சேர்க்க வழியில்லை என்றார்கள். ஒரு வாரம் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. பிறகு சுடர்மதி சொல்லித்தான் தெரிந்தது, இசக்கி சுங்குவார்சத்திரத்துக்கே திரும்பிவிட்டாள் என்று. கிளம்பினேன்.

இந்த முறை மழை. சாலையோரப் பள்ளங்கள் நிரம்பி, எது சாலை எது பள்ளம் என்று தெரியவில்லை. சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு நடந்தேன். ராணியம்மா வீட்டுச் சுவரில் அவர் கொழுந்தனாரின் சுவரொட்டி நனைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ராணியம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாம்மா வா, மகராசி. லிஸ்டு வந்துட்ச்சு. முப்பத்தொரு பேரும் கீது. ஒண்ணு விடல நீ! இரு, காபி போடறேன்.”

காபி நன்றாக இருந்தது. அது தொண்டையில் இறங்கியது எனக்கே பிடிக்கவில்லை.

இசக்கி மாலையில்தான் வந்தாள். பழைய கம்பெனியின் நீலக் கோட் இல்லை, பழுப்புச் சட்டை. ராஜினாமா செய்துவிட்டுப் போனவளைக் கம்பெனி திரும்ப எடுக்கவில்லை. காண்டிராக்ட் ஆள் ஒருவர் மூலம் ஒரகடத்தில் வேறொரு தொழிற்சாலை கேண்டீனில் தட்டுக் கழுவுகிறாள். அறையில் அவள் பாயில் வேறு பெண் வந்துவிட்டதால் ஸ்டவ் பக்கத்தில் படுக்கிறாள். கேஸ் இன்னும் வரவில்லை. அட்டை கைக்கு வந்த பிறகு வா என்கிறார்களாம்.

“எனக்காண்டி இம்புட்டுத் தூரம் வந்தியளாக்கா” என்று என் ஈரப் பையை வாங்கினாள். “எல்லாம் அந்தத் தலைவர் வேலதான். ஆளப் பிடிச்சு எம் பேர அடிச்சிட்டாரு. எங்க அப்பா அவரு வீட்டு வாசல்ல போயி நின்னு, ஒரு பொட்டப்புள்ளைக்குப் பயந்து பேர அழிச்சியேன்னு சத்தம் போட்டுட்டு வந்துட்டாவ. இப்பத் தோட்டத்துல வேல இல்ல. ஊருல யாரும் கூப்புட மாட்டேங்கான்.”

“வார்டு என்ன ஆயிற்று?”

“அன்னபோஸ்ட்டு. வேற யாரும் மனு போடல. அந்தக் களையெடுக்க அம்மாவே மறுபடியும். எங்க தெருக்காரங்களுக்கு வார்டு ஓட்டே கிடையாது இந்தத் தடவ.”

எல்லோரையும் ஓட்டுப் போடவைக்கப் புறப்பட்டவள் நான். என் அழகான கையெழுத்தால் ஒரு தெரு முழுக்க வார்டு ஓட்டு இல்லாமல் போய்விட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் வைத்த புளிக்குழம்பைச் சாப்பிட்டேன். தலைவரை அவள் திட்டியபோது, தலையாட்டினேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். ஆட்டினேன்.

மறுநாள் அவளுக்கு மதிய ஷிப்ட். காலையில் மாடித் தொட்டியருகே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போய் நின்று சொன்னேன். எழுத்தர் கேட்டது, படிக்கட்டு, பேனா நின்றது, எல்லாவற்றையும்.

அவள் துணியைப் பிழிந்து முடித்தாள். உதறினாள். கொடியில் போட்டாள்.

“நான் அன்னைக்கே கேட்டேம்லா?”

“கேட்டாய்.”

“போகாதுன்னு சொன்னிய.”

“சொன்னேன்.”

“தெரிஞ்சா சொன்னிய?”

“முதலில் தெரியாமல் சொன்னேன். அப்புறம் தெரிந்தே எழுதினேன்.”

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேனோ, அழுவாள் என்று எதிர்பார்த்தேனோ தெரியவில்லை. எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தேன், அவள் அடுத்துக் கேட்டதற்குத் தவிர.

“மத்தவளுவளுக்கும் எழுதுனியளா?”

“எல்லோருக்கும்.”

“அய்யோ” என்றாள். அதுதான் முதல் முறை அவள் குரல் உடைந்தது. “சுடரு, முனீஸ்வரி, தருமபுரிக்காரிய அம்புட்டுப் பேரும் ஊருக்கு ஓட்டுப்போடப் போகணும்னு லீவு சொல்லிருக்காளுவோ. லீவு போட்டா அட்டென்டென்ஸ் காசு போயிரும். போயி நின்னு, பேரு இல்லன்னு திரும்பி வரணுமா?”

அவளுடைய அப்பாவையும் தட்டுக் கழுவும் வேலையையும் விட்டுவிட்டு அவள் மற்றவர்களின் லீவைப் பற்றிக் கவலைப்பட்டாள். நான் என்னைப் பற்றி மட்டுமே ஒரு வாரமாகக் கவலைப்பட்டிருந்தேன்.

“ஒவ்வொருத்தியாப் போயி நீங்களே சொல்லுங்க. நான் வர மாட்டேன். வாயால சொன்னாப் பத்தாது, எழுதிக் குடுங்க. அடுத்துப் பேரு சேக்கும்போது ஊர்ல காட்டணும். எங்க அப்பாவுக்கு ஒண்ணு வேணும்.”

கீழே கடையில் வெள்ளைத்தாள் வாங்கிவந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். மறுபடியும் படிக்கட்டு, மறுபடியும் முப்பத்தொன்று. ‘இவரது பெயர் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கியதற்கு, இவர் காலியாக விட்ட கட்டத்தில், இவருக்குத் தெரியாமல், பழைய முகவரியையும் அட்டை எண்ணையும் நான் தவறுதலாக எழுதிக் கொடுத்ததே காரணம். வேறு யாரும் காரணம் அல்ல.’ கீழே என் பெயர், கோவை முகவரி, கையொப்பம். மதியம் ஒன்றரை வரை எழுதினேன்.

இசக்கி பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வேனுக்குக் கிளம்பி வந்தாள். தன்னுடையதை எடுத்து நின்றபடியே படித்தாள்.

“இந்தத் தவறுதலாகங்கத எதுக்குப் போட்டிய?”

“அப்படித்தானே எழுதுவது வழக்கம்.”

“பேனா நின்னிச்சு, யோசிச்சேன்னு காலையில சொன்னியல்லா. யோசிச்சு எழுதுனது எப்படிக்கா தவறுதலாகும்?” குரலில் கோபம் இல்லை. லைனில் ஒரு பாகம் சரியில்லை என்றால் எடுத்து ஓரமாக வைப்பதுபோல் சொன்னாள். “எங்க அப்பா இத அந்த வாசல்லயே நின்னு வாசிச்சுக் காட்டணும். செய்யாத ஒண்ணுக்குத் திட்டிட்டு வந்துருக்காவ. அடிச்சிருங்க.”

அடித்தேன். அவளிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

“எல்லாத்துலயும்” என்றாள்.

இரண்டாவதை அடித்தேன். மூன்றாவதை. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவதை அடிக்கும்போது தெருவில் வேன் ஹாரன் அடித்தது. போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் இறங்கிப் போனாள். மழைக்குப் பிறகு வெயில் வந்திருந்தது. மாடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அறைகளில் நைட் ஷிப்ட் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆறாவது கடிதத்திலிருந்து என்னைப் பார்க்க யாரும் இல்லை. அடித்தேன்.